‘கிரேட்’ எண்டால் சிறந்ததா, பெரிசா?

‘கிரேட்’ என்ற சொல்லுக்குச் ‘சிறந்த’ எண்டுதான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் கருத்துப் படிச்சனாங்கள். அதே கருத்தோடு வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால் இடறும். 1665இல் லண்டனில் பரவிய கொள்ளைநோய் ‘கிரேட் பிளேக்’. அடுத்த வருடம் அங்கே 13,000க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்த தீ ‘கிரேட் ஃபயர்’. இதில் என்ன சிறப்பு?

ஒன்றுமில்லை. அந்தச் சொல்லின் பழைய வேலை அளவு சொல்லுறது. ‘கிரேட் பிரிட்டன்’ கூட அப்படித்தான். பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தானி, பழைய லத்தீனில் சின்னப் பிரித்தானியா. கடலுக்கு அந்தப் பக்கத் தீவு பெரிய பிரித்தானியா. 1604இல் முதலாம் ஜேம்ஸ் தன்னை அதன் அரசன் என்று அறிவித்தார். 1707இல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் இணைந்தபோது அதுவே நாட்டின் பெயராயிற்று.

சேருற சொல்லைப் பொறுத்துக் கருத்தும் மாறும். ‘பீட்டர் த கிரேட்’ என்று ஆளின் பெயருக்குப் பின்னால் வந்தால் புகழ். ‘கிரேட் கிராண்ட்ஃபாதர்’ என்றால் ஒரு தலைமுறை கூட, அதாவது பூட்டன். 1914–18 போரோடு சேர்ந்து ‘த கிரேட் வோர்’ ஆனது. 1939இல் இன்னொரு போர் தொடங்கியதும் பழையதற்கு ‘முதலாம்’ என்ற எண்தான் மிஞ்சியது.

எங்களை நிறுத்தி யோசிக்க வைப்பது பஞ்சத்தோடு சேரும் ‘கிரேட்’. 1876–78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தை ஆங்கில நூல்கள் ‘கிரேட் ஃபமின்’ என்கின்றன. மழை பொய்த்தது உண்மை. ஆனால் அதே காலத்தில்தான் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது. நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளுக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று 1877இல் அரசு குறைத்தது. தப்பியவர்களில் பலர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். இன்றைய மலையகக் குடும்பங்கள் சிலவற்றின் கதை அங்கிருந்துதான் தொடங்குது.

தமிழில் அதைத் ‘தாது வருடப் பஞ்சம்’ எண்டு சொல்லுவம். ஆங்கிலப் பெயர் எவ்வளவு பெரிசு எண்டு சொல்லுது. எங்கட பெயர் எப்போது எண்டு சொல்லுது. யார் பொறுப்பு எண்டு இரண்டும் சொல்லேல்ல. வரலாற்றில் ‘கிரேட்’ வரும் இடமெல்லாம் அந்தக் கேள்வியை நாங்கள்தான் கேட்க வேணும்.