கோபுர விளக்கும் சுழலும் கண்ணும்

கொழும்புக் கோட்டையிலே சதாம் வீதியருகே நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் எழுந்தது. பத்தாண்டுகளின் பின்னர் அதன் உச்சியில் கலங்கரை விளக்கும் ஏற்றப்பட்டது. சுற்றிலும் மாடங்கள் உயர்ந்து ஒளியை மறைக்கவே, 1952இல் அவ்விளக்கு ஓய்வு பெற்றது. மாலுமிகள் தன்னைக் காணவேண்டுமென்றே எரிந்த விளக்கு அது. எவரையும் அது வேவு பார்க்கவில்லை.

பின்வந்த கண்ணின் இயல்பு வேறு. 1942இல் ஜேர்மனியின் பீனமுண்டேயில், ஏவுகணை எழுவதைத் தூரத்திலிருந்து காண்பதற்கு வால்டர் புரூக் என்பார் தொலைக்காட்சிக் கமெராக்களை அமைத்தார். அவ்வழியில் வளர்ந்ததே இன்றைய சுழல் கமெரா. அது இடமும் வலமும் திரும்பும்; மேலுங் கீழும் சாயும்; வில்லைகளை நகர்த்தித் தொலைவிலுள்ள வாகனத்தின் இலக்கத்தகட்டையும் அருகிற் கொணரும். இயக்குபவரோ எங்கோ ஓர் அறையில் அமர்ந்திருப்பார்.

போர் முடிந்த மறு ஆண்டாகிய 2010இல், கொழும்பு வீதிகளில் நூற்றுக்கு மேற்பட்ட கண்காணிப்புக் கமெராக்களைப் பொலிசார் நிறுவினர். இந்திரனுக்கு ஆயிரங் கண் என்பர்; தலைநகருக்கு அன்று நூறளவே வாய்த்தது. முதலில் குற்றந் தேடிய அக்கண், 2024 ஜனவரி 22 முதல் வீதி விதி மீறுவோரையும் தேடலாயிற்று. நுகேகொடையிலிருந்து ஹைலெவல் வீதி வழியே நகருக்குள் வந்து சிவப்பு விளக்கைக் கடந்தவர், மறித்த பொலிசார் எவருமின்றியே பிடிபடலானார். வீடு திரும்பிய பின்னரே, தம் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் வழியாக அவர் அதனை அறிவார்.

பதிந்த படம் எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பர் என்பது அவர் கேட்கத்தக்க கேள்வியே. ஆட்களுக்குரிய தரவைக் காக்கும் 9ஆம் இலக்கச் சட்டம் 2022இல் நிறைவேறியது. அதன் முக்கிய விதிகள் நடைமுறைக்கு வருவதோ 2025இல் பிற்போடப்பட்டது.