இடித்த பிறகுதான் உலை

கல்வராயன் மலைப் பகுதியில் இரும்பு, பாறையோடு பாறையாகவே கிடக்கிறது. கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடும் கல். கறுப்பு வரி மக்னடைட் என்னும் காந்தத் தாது. வெள்ளை வரி குவார்ட்ஸ். கிங், ஃபூட் என்ற இரு நிலவியலாளர்கள் 1864-இல் வெளியிட்ட ஆய்வேடு, சேலம், தென்னாற்காடு மாவட்டங்களில் இந்தப் படுகைகள் ஓடும் வழியைக் காட்டுகிறது. இம்மலையை ஒட்டிய கள்ளக்குறிச்சி அன்று தென்னாற்காட்டைச் சேர்ந்தது. தனி மாவட்டமானது 2019-இல்தான்.

இப்பகுதியில் இரும்பு உருக்கியவர்களின் முறையை, பரங்கிப்பேட்டையில் ஊதுலைகள் அமைத்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1839-இல் எழுதிவைத்தார். முதல் வேலை இடிப்பது. தாதில் ஏறத்தாழ பாதி குவார்ட்ஸ். அதை நொறுக்கி, நீரில் அலசியோ முறத்தில் புடைத்தோ கனமான கறுப்புப் பொடியை மட்டும் பிரித்தெடுத்தார்கள். பிறகு மூன்று முதல் ஐந்து அடி உயர மண் உலை, மரக்கரி, ஆட்டுத்தோல் துருத்தி. மூன்று நான்கு மணி நேரம் ஊதியபின் உலையின் முன்சுவரை உடைத்துப் பாளத்தை இழுத்து, மரச் சம்மட்டியால் அடித்துக் கசடு நீக்குவார்கள். கிடைத்த இரும்பு, தாதின் எடையில் சுமார் 15 சதவீதம்.

துருத்தியைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். இடித்தவர்களின் உழைப்புக்கும் அதே இடம் தரவேண்டும்.

மக்னடைட் இறுக்கமான தாது. கட்டியாக இருந்தால் கரியின் வாயு உள்ளே நுழையாது. பொடித்தால் மேற்பரப்பு பெருகும், வாயு எளிதில் தாதைத் தொடும். உலைக்குள் தாது ஆக்சிஜனைப் படிப்படியாக இழக்கிறது. 570 டிகிரிக்கு மேல் வூஸ்டைட் என்ற இடைநிலை ஆக்சைடாகிப் பிறகு இரும்பாகிறது. மிஞ்சிய குவார்ட்ஸ் அந்த வூஸ்டைட்டோடு கலந்து, 1200 டிகிரியை ஒட்டிக் கசடாக உருகி வழிகிறது. சரியாகப் பிரிக்காத பொடி, இரும்பைக் கசடுக்கே பறிகொடுக்கும். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். மண் உலை அதை எட்டாததால்தான் பாளம் பஞ்சுபோல் திரண்டது.

காற்றில் சூடாக்கினால் கதை எதிர்த்திசையில் போகும். நுண்ணிய மக்னடைட் பொடி சில நூறு டிகிரியில் மாக்ஹெமைட் என்ற மற்றோர் இரும்பு ஆக்சைடாகும். வெப்பம் ஏறினால் ஹெமடைட் என்ற சிவந்த ஆக்சைடாகி, காந்தத்துக்கு அநேகமாக அசையாது. பொடி எவ்வளவு நுண்மையோ, மக்னடைட்டின் மாற்றம் அவ்வளவு சீக்கிரம் தொடங்கும். இன்றைய ஆய்வகங்களில் மாக்ஹெமைட்டை எஃகுக் குண்டுகள் சுழலும் ஆலையில் பல மணி நேரம் அரைத்தால், அடுப்பே இல்லாமல் அது ஹெமடைட்டாகிவிடுகிறது. மோதலின் விசையே படிக அடுக்கைக் கலைத்து மாற்றுகிறது. கையால் இடித்த பொடிக்கு அந்த வலு கிடையாது. ஆனால் வெப்பம் என்ன செய்யும் என்பதைத் துகளின் அளவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பது உலைக்கும் காற்றில் சூடாக்குவதற்கும் பொது.

ஹீத் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் பெரிய ஊதுலைகளை எழுப்பினார். சேலத்துத் தாது காவிரியிலும் கொள்ளிடத்திலும் பரிசல்களில் இறங்கிவந்தது. கரிக்காகக் காடுகள் சரிந்தன, கடன் ஏறியது. ஹீத் 1851-இல் இறந்தார், தொடர்ந்து வந்த நிறுவனமும் 1860-களில் ஓய்ந்தது. மண் உலைகள் அதற்குப் பிறகும் எரிந்தன. 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் மரக்கரிக்குக் கட்டுப்பாடு வைத்ததும், மலிவான சீமை இரும்பு சந்தைக்கு வந்ததும்தான் அவற்றை ஒவ்வொன்றாக அணைத்தன.