சுத்த ரிஷபம் நின்ற வாசல்: தமிழகக் கிட்டாரில் ஜாஸ் கார்டுகள் வந்த வழி

ஜாஸ் கிட்டார் பழக உட்காரும் எவர் கையிலும் முதலில் வந்து விழுவது ‘இரண்டு–ஐந்து–ஒன்று’ என்ற கார்டு வரிசை. சி சுருதியில் அது டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த். திருப்பூரிலோ கோவையிலோ கிட்டார் வாங்கும் இளைஞர் ஜாஸ் இசைத்தட்டு ஒன்றைக்கூடக் கேட்டிருக்கமாட்டார். ஆனாலும் இந்த வரிசை அவர் காதுக்குப் புதிதாக ஒலிப்பதில்லை. சினிமாப் பாட்டின் வழியாக அது முன்பே வந்துவிட்டது. அந்த வழி எந்தக் கார்டுகளை உள்ளே விட்டது, எவற்றை வாசலிலேயே நிறுத்தியது என்பதற்கு ராகத்தில் விடை இருக்கிறது என்பது என் வாதம்.

இந்தக் கதையில் கொங்கு நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 1860களில் போடப்பட்ட சென்னை–பேப்பூர் ரயில் பாதையில் திருப்பூரைத் தாண்டி வரும் போத்தனூரில் ஆங்கிலோ இந்தியக் குடியிருப்பு வளர்ந்தது. மேற்கத்திய நடன இசை இந்த வட்டாரத்துக்குள் நுழைய இத்தகைய ரயில்வே குடியிருப்புகளும் ஒரு வாசல். 1930களில் கோவை ஆலை முதலாளிகளின் பணம் சினிமாவுக்குள் வந்தபோது சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது. அங்கே இயங்கிய ஜூபிடர் பிக்சர்ஸில், எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் நிழலில் எடுபிடியாகத் தொழில் பழகியவர் எம்.எஸ். விஸ்வநாதன். பஞ்சும் நூலும் ஈட்டிய பணம் தமிழ்த் திரையிசைக்குச் செய்த உதவியைப் பற்றி இன்னும் விரிவாக எழுதலாம். இங்கே அதற்கு இடமில்லை.

பம்பாயில் நடந்தது வேறு. அங்கே கோவாக்காரர்கள் இரவில் ஓட்டல்களில் ஜாஸ் வாசித்தார்கள், பகலில் இந்திப் படங்களுக்கு வாசித்தார்கள். சிக் சாக்கலேட், அந்தோணி கோன்சால்வஸ், செபாஸ்டியன் டிசோசா போன்றவர்கள் இல்லாமல் அன்றைய இந்தித் திரையிசையின் ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. சென்னையில் அவ்வளவு பெரிய ஓட்டல் உலகம் கிடையாது. 1958இல் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் சென்னைக்கு வந்து வாசித்தது. ஆனால் பியானோ, சாக்சபோன், பேஸ், டிரம்ஸ் கொண்ட அந்தக் குழுவில் கிட்டாரே இல்லை. கிட்டார்காரர்களுக்கு அந்த வருகையால் நேரடிப் பயன் இருந்திருக்காது.

எனவே ஜாஸ் இங்கே ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் வேர் பிடித்தது. விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் குழுவில் நோயல் கிராண்ட் டிரம்ஸ் வாசித்தார், பிலிப்ஸ் கிட்டார் வாசித்தார். 1964இல் வந்த ‘கலைக்கோயில்’ படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய ‘வரவேண்டும் ஒரு பொழுது’ ஜாஸின் நடையை அப்படியே ஏற்ற பாட்டு. அதே ஆண்டின் ‘சர்வர் சுந்தரம்’ ஒரு பாட்டுக்காக ஒலிப்பதிவுக் கூடத்தையே திரையில் காட்டியது. வாத்தியக்காரர்களின் முகத்தைத் தமிழ் ரசிகர் பார்த்த அரிய தருணம் அது. ஆனால் பொதுவாகக் கதைக்குள் ஜாஸுக்குக் கிடைத்த இடம் மது பரிமாறும் கிளப். குடும்பத்துப் பிள்ளை உட்கார்ந்து சாதகம் செய்யவேண்டிய சங்கதியாக அதை யாரும் முன்வைக்கவில்லை.

திருப்பம் மயிலாப்பூரில் நிகழ்ந்தது. தன்ராஜ் மாஸ்டர் தம்மிடம் வந்தவர்களுக்கு மேற்கத்திய இசையைக் குறியீட்டோடு படிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர்களுள் ஒருவரான இளையராஜா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார், சலில் சவுத்ரிக்குக் கிட்டார் வாசித்தார், 1976இல் ‘அன்னக்கிளி’யோடு இசையமைப்பாளர் ஆனார். அவருடைய பயிற்சி கிளாசிக்கல் வழிப்பட்டது. அவர் எழுதித் தரும் குறியீட்டைப் பிசகாமல் வாசிப்பதே அவரது கிட்டார் கலைஞர்களின் வேலை. ஜாஸ் கலைஞருக்கோ கார்டின் பெயரை மட்டும் தாளில் போட்டுத் தருவார்கள். எந்தச் சுரத்தை எங்கே பிடிப்பது என்பது அவர் பொறுப்பு. பயிற்சியின் தன்மை இந்த இடத்தில்தான் பிரிகிறது. குறியீட்டை வாசித்துப் பழகிய கை, வெறும் பெயரைப் பார்த்ததும் திகைத்து நிற்கும்.

இனி ராகத்துக்கு வருவோம். சி–யை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த் ஆகிய மூன்றின் எல்லாச் சுரங்களும் சங்கராபரணத்துக்குள் அடங்கும். ஒன்றுகூட அன்னிய சுரம் இல்லை. மைனர் வரிசைக்கு ஏ–யை ஷட்ஜமாக வைத்துக்கொள்வோம். பி ஹாஃப்–டிமினிஷ்டில் ரி, ம, த, ச. ஈ செவன்த்தில் ப, நி, ரி, ம. ஏ மைனரில் ச, க, ப. இவை அத்தனையும் கீரவாணி. இளையராஜா விரும்பிக் கையாண்ட அந்த ராகத்துக்குள், ஜாஸின் மைனர் இரண்டு–ஐந்து–ஒன்று முழுதாகக் குடியிருக்கிறது. மெட்டு ராகத்தைவிட்டு விலகாமலே கார்டு நகரும். தமிழ்க் காது இவ்விரண்டையும் தயங்காமல் ஏற்றதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

அடுத்த பாடம் ‘ஒன்று–ஆறு–இரண்டு–ஐந்து’. 1930இல் கெர்ஷ்வின் எழுதிய ‘ஐ காட் ரிதம்’ பாட்டின் தொடக்கத்தில் உள்ளது இதுதான். பின்னாளில் ஜாஸ்காரர்கள் எண்ணற்ற புது மெட்டுகளை அந்தப் பாட்டின் சட்டகத்தில் ஏற்றினார்கள். சி, ஏ மைனர், டி மைனர், ஜி என்று வாசித்தால் சங்கராபரணம் கெடாது. ஆனால் ஜாஸ் வாசிப்பவர் ஏ மைனரை ஏ செவன்த் ஆக்கிவிடுவார். உடனே சுத்த ரிஷபம் உள்ளே வரும், சதுச்ருதி ரிஷபம் ஆளும் ராகத்தில். மெட்டுக்காரருக்கு அது அபசுரம், கார்டுக்காரருக்கு அடுத்த கார்டை நோக்கிய உந்துதல். தமிழ்த் திரையில் இத்தகைய கார்டுகள் இல்லவே இல்லை என்று சொல்லவரவில்லை. கேட்டவர் வீட்டுக்கு எடுத்துச்சென்று முணுமுணுத்ததில் அவற்றின் பங்கு குறைவு, அவ்வளவே.

1997இல் ‘இருவர்’ படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான் ஜாஸை வெளிப்படையாகக் கொண்டுவந்தார். அங்கேயும் அதற்குக் காரணம் காலம்: ஐம்பதுகளின் சினிமா உலகைக் காட்ட அது தேவைப்பட்டது. பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்த பிரசன்னா, கிட்டாரில் கர்நாடக இசையையும் ஜாஸையும் அருகருகே வைத்தார். 2008இல் சென்னையில் ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைப் பள்ளிக்குப் பிறகு முறையான படிப்பும் எட்டும் தூரத்துக்கு வந்தது.

திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனி வேலை முடிந்து இரவில் கிட்டார் எடுப்பவருக்குச் சென்னை தூரம்தான். பயிற்சி தூரமில்லை. ஒரு கார்டுக்கு மூன்று தந்திகள் போதும். டி மைனர் செவன்த்துக்கு ஐந்தாம் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட், நான்காம் தந்தியில் மூன்று, மூன்றாம் தந்தியில் ஐந்து: ரி, ம, ச. ஜி செவன்த்துக்கு அடிச்சுரம் ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டுக்குப் போகும். மேலே ஷட்ஜமம் மட்டும் ஒரு ஃப்ரெட் இறங்கி நிஷாதமாகும், மத்தியமம் அசையாது. சி மேஜர் செவன்த்துக்கு அடிச்சுரம் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட். இப்போது நிஷாதம் நிற்கும், மத்தியமம் காந்தாரத்துக்கு இறங்கும். ஒவ்வொரு முறையும் மேலே ஒரே சுரம், அரைச்சுர தூரம். ச–நி, ம–க என்று வாயால் பாடிக்கொண்டே இதைப் பன்னிரண்டு சுருதிகளிலும் சுற்றிவருவதே சாதகம். சுரம் பாடத் தெரிந்தவருக்கு இதில் வெறும் ஃப்ரெட் எண்ணை மனப்பாடம் செய்பவரைவிடப் பாதி வேலைதான்.

அது பழகியபின், ஜி செவன்த்தின் மேல் இரண்டு விரல்களையும் அப்படியே விட்டு, அடிச்சுரத்தை மட்டும் ஐந்தாம் தந்தியின் நான்காம் ஃப்ரெட்டில் வைத்துப் பாருங்கள். அது டி ஃப்ளாட் செவன்த், ஜாஸ்காரர்கள் ஜி–க்குப் பதிலாகப் போடும் கார்டு. அடிச்சுரம் ஐந்து, நான்கு, மூன்று என்று ஃப்ரெட் ஃப்ரெட்டாக இறங்கும். நடுவில் ஒலிப்பது மறுபடியும் சுத்த ரிஷபம்.