எல்லைப்புறக் கதையும் கொட்டியாரக் கரையும்
பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமே என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இதனால் விளையாட்டுக்களின் வரலாறு வரலாற்று மாணவரின் கவனத்தைப் பெரிதும் பெறவில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் எவற்றை அஞ்சிற்று, எவற்றை விரும்பிற்று, எவற்றை மறக்க முயன்றது என்பவற்றை அதன் விளையாட்டுக்கள் வெளிப்படுத்துவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோன்றிய பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு இதற்குத் தக்க சான்றாகும். அதன் ஒரு பிரிவான விண்வெளி எல்லைப்புறக் கதையின் தோற்றத்தையும், திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டிப் பிரதேசத்திலிருந்து நோக்குமிடத்து அக்கதை பெறும் பொருளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விளையாட்டின் அமைப்பு எளிமையானது. நண்பர்கள் நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் நடுவராவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். நடுவர் சூழலை விவரிக்க, ஆடுவோர் தத்தம் பாத்திரம் செய்வதைக் கூறுவர். விளைவு ஐயத்துக்குரியதாயின் பகடை உருட்டப்படும். ஓரிரவில் முடியாத கதை அடுத்த வாரமும் தொடரும். இவ்வாறு மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் நடைபெறுவதைத் தொடராட்டம் எனலாம். இதில் வென்றவர், தோற்றவர் என்ற பேதமில்லை. கதை தொடர்வதே ஆட்டத்தின் பயன்.

போர்ப்பலகையிலிருந்து கதைக்களத்திற்கு

இவ்விளையாட்டின் மூலம் போர்க்கலைப் பயிற்சியிலே உள்ளது. இந்தியாவிலே தோன்றிய சதுரங்கம் பாரசீகத்தினூடாகவும் அரபு நாடுகளினூடாகவும் ஐரோப்பாவை அடைந்தது. அதனைத் திருத்திப் போர்ப் பயிற்சிக்கு ஏற்றதாக்கும் முயற்சிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனிய நாடுகளில் நிகழ்ந்தன. 1812இல் றைஸ்விற்ஸ் என்பார் பிரஷ்ய மன்னருக்குத் தாம் அமைத்த போர் விளையாட்டைக் காட்டினார். அவருடைய மகன் 1824இல் அதனைச் செப்பனிட்டு வெளியிட்டார். கட்டங்களுக்குப் பதிலாக உண்மையான நிலப்படம் அதிற் பயன்பட்டது. இரு தரப்பினருக்கும் இடையே நடுவர் ஒருவர் நின்று, ஒவ்வொருவரும் அறியக்கூடியதை மாத்திரம் அவரவருக்கு அறிவித்தார். விதிகள் மிகப் பெருகிவிட்ட நிலையில், 1876இல் வெர்டி து வெர்நுவா என்ற பிரஷ்யப் படையதிகாரி, அனுபவமிக்க நடுவரின் தீர்ப்பே போதுமானது என வாதிட்டார். விதிநூலைவிட நடுவரின் அறிவுக்கு முதன்மை தரும் இக்கருத்தே பிற்கால வளர்ச்சிக்கு அடிப்படையாயிற்று.

1880இல் அமெரிக்கப் படையதிகாரியான சாள்ஸ் ரொற்றன் எழுதிய 'ஸ்ரற்றீகோஸ்' என்ற போர் விளையாட்டு நூலிலும் இந்நடுவருக்கு இடமுண்டு. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளின் பின்னர் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் அந்நூலைப் படித்தார். 1969இல் அவர் 'பிரௌன்ஸ்டைன்' என்ற கற்பனை ஜேர்மனிய நகரத்தைக் களமாக வைத்து ஒரு போராட்டத்தை ஏற்பாடு செய்தார். படைத்தலைவர்களுடன் நகரத் தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் போன்றோரையும் பாத்திரங்களாக்கி நண்பர்களுக்குப் பகிர்ந்தளித்தார். போர் தொடங்குமுன்னரே பாத்திரங்கள் தம்முள் பேரம் பேசவும் சதி செய்யவும் தொடங்கிவிட்டன. ஆட்டம் குழம்பிவிட்டதென வெஸ்லி கருதினார். ஆனால், நண்பர்களோ மீண்டும் அதையே ஆடவேண்டுமென வற்புறுத்தினர். படைகளை நகர்த்துவதைவிட ஒரு மனிதனாக நின்று முடிவெடுப்பதிலே அவர்கள் சுவை கண்டனர்.

அந்நண்பர் குழுவிலே அடுத்துத் தோன்றியவற்றுள் ஒன்று 'பிரௌன்ஸ்டோன்' என்ற அமெரிக்க மேற்கெல்லைச் சிற்றூரைக் களமாகக் கொண்டதாகும். துப்பாக்கி வீரரும் கொள்ளையரும் உலவிய அந்த ஆட்டத்திற் பங்குகொண்ட டேவ் ஆர்னசன் என்பவரே பின்னர் கேரி கைகாக்ஸ் என்பாருடன் இணைந்து 1974இல் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற முதலாவது அச்சு விளையாட்டை வெளியிட்டார். அதன் முதற் பதிப்பு 1000 பிரதிகள் மட்டுமே. நிலவறை, நெருப்புமிழும் பறவைநாகம் என்பவற்றால் அது புகழ்பெற்றதெனினும், அதற்கு முன்னரே எல்லைப்புறச் சிற்றூர் ஆட்டக்களமாகிவிட்டமை ஈண்டு மனங்கொளத்தக்கது.

1977இல் மார்க் மில்லர் என்பாரின் 'ட்ரவலர்' வெளிவந்தது. மூன்று சிறு நூல்களாக ஒரு பெட்டியில் அமைந்த அது, விண்வெளியைக் களமாகக் கொண்டது. அதன் பாத்திரங்கள் இளவரசரோ மந்திரவாதிகளோ அல்லர். கடற்படையிலும் தரைப்படையிலும் வணிகக் கப்பல்களிலும் பணியாற்றி ஓய்ந்த நடுவயதினர். பாத்திரத்தின் கடந்தகால வாழ்வே பகடையினால் தீர்மானிக்கப்படும். ஆட்டம் தொடங்குமுன்னரே அப்பாத்திரம் இறந்துபோதலும் கூடும். ஓர் உடுத்தொகுதியிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்வதற்குக் கப்பலுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கப்பலை முந்திச் செல்லும் செய்தித் தொடர்பு கிடையாது. எனவே தலைநகரின் ஆணை தொலைவான எல்லையை வந்தடையுமுன் அங்கு நிலைமை மாறியிருக்கும். பாய்மரக் கப்பற் காலத்து உலகமே விண்வெளிக்கு மாற்றப்பட்டது எனலாம்.

'வெற்று நிலம்' என்ற கருத்து

விண்வெளிக் கதை மேற்கெல்லைக் கதையோடு இணைந்தமை தற்செயலானதன்று. 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, தொடர்ச்சியான எல்லைக்கோடு இனி அமெரிக்காவில் இல்லை என அறிவித்தது. அதனை ஆதாரமாகக் கொண்டு 1893இல் பிரெடரிக் ஜக்சன் ரேணர் என்ற வரலாற்றாசிரியர், மேற்கே விரிந்துகிடந்த கட்டற்ற நிலமே அமெரிக்க மனப்பான்மையை உருவாக்கியது என்ற கோட்பாட்டை முன்வைத்தார். அந்நிலத்திலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆதிக்குடிகள் அக்கோட்பாட்டில் பெற்ற இடம் மிகச் சிறிதே. பிற்கால வரலாற்றாசிரியர் இக்குறையைக் கடுமையாகக் கண்டித்தனர். ஆனால் திரைப்படமும் தொலைக்காட்சியும் ரேணரின் வழியிலேயே நடந்தன. தரையில் எல்லை முடிந்தபோது கதை வானத்துக்கு ஏறிற்று. ஜீன் றொடன்பெரி 1964இல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரைத் தயாரிப்பாளருக்கு எடுத்துரைத்தபோது, அக்காலத்துப் புகழ்பெற்ற மேற்கெல்லைத் தொடரான 'வாகன் ட்ரெயி'னுக்கே அதனை ஒப்பிட்டார்.

2002இல் ஒளிபரப்பான 'பயர்பிளை' என்ற தொடர் இம்மரபிலே ஒரு திருப்பத்தைக் குறிப்பதாகும். 14 பகுதிகளுடன் நின்றுபோன அத்தொடரின் கப்பற்றலைவன் வென்றவன் அல்லன். உள்நாட்டுப் போரிலே தோற்ற தரப்பிற் போரிட்டவன். தன் தரப்பு தோல்வியுற்ற பள்ளத்தாக்கின் பெயரையே கப்பலுக்குச் சூட்டி, அரசின் கண்ணுக்கெட்டாத் தொலைவுகளில் சிறு வணிகமும் கடத்தலும் செய்து பிழைக்கிறான். 2005இல் இதனைத் தழுவிய மேசை விளையாட்டும் வெளிவந்தது. எல்லைப்புறம் என்பது வெற்றியாளர் முன்னேறும் திசை மட்டுமன்று, தோற்றவர் ஒதுங்கும் இடமுமாகும் என்ற உண்மை இதனால் அக்கதை மரபுக்குள் வந்தது. எனினும் நிலத்தின் முன்னைய குடிகள் யாவர் என்ற வினா அங்கும் பெரிதும் எழவில்லை.

கொட்டியாரக் கரை

இவ்வினாவுக்குக் கிளிவெட்டி தரும் விடை யாது? மூதூருக்குத் தெற்கே, மகாவலியும் அதன் கிளையான வெருகலாறும் வளப்படுத்தும் நெல்வயல் நாட்டிலே அமைந்த ஊர் அது. அதனை உள்ளடக்கிய கொட்டியாரம் பலகாலமாகவே பல அதிகாரங்கள் சந்தித்த எல்லைப்புறமாக இருந்துள்ளது. கண்டி மன்னருக்கு அது கடலை நோக்கிய வாயில். ஐரோப்பியருக்கு உள்நாட்டை நோக்கிய வாயில். அங்கேயே வாழ்ந்த குடிகளுக்கோ அது எவருடைய எல்லையுமன்று. வயலும் குளமும் கோயிலும் உள்ள தாயகம்.

1660இல் புயலால் பாய்மரம் சேதமுற்ற 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவிலே நங்கூரமிட்டது. அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் மாலுமிகள் சிலரும் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் 1679இல் தப்பிய நொக்ஸ், 1681இல் தமது அனுபவத்தை லண்டனில் நூலாக வெளியிட்டார். அந்நூலை நன்கறிந்த டானியல் டீபோ, 1720இல் வெளிவந்த 'கப்டன் சிங்கிள்டன்' நாவலிலே நொக்சின் கதையைச் சுருக்கிச் சேர்த்தார். அந்நிய நிலத்திற் சிக்கிய கடலோடியின் கதை ஆங்கிலப் புனைகதையில் வேரூன்றிய காலத்திலே, அதற்குரிய மூலப்பொருளிற் சிறிதைக் கொட்டியாரமும் வழங்கியுள்ளது. ஆனால் அக்கதையைச் சொன்னவர் வந்தவரேயன்றி, கரையில் நின்றவர் அல்லர். கப்பலைக் கண்ட மூதூர் உழவன் என்ன நினைத்தான் என்பதைக் கூறும் நூல் நம்மிடம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இப்பிரதேசம் வேறொரு பொருளில் எல்லைப்புறமாயிற்று. 1950களில் செயற்படுத்தப்பட்ட அல்லைக் குடியேற்றத் திட்டம், நீர்ப்பாசனத்தோடு புதிய குடிகளையும் கொணர்ந்தது. 'காடு வெட்டிக் கழனியாக்குதல்' என்ற அரசின் மொழியிலும் வெற்று நிலக் கருத்தின் சாயல் இருந்தது. நிலம் பற்றிய வினா போராக மாறியபோது கிளிவெட்டி அதன் நடுவில் அகப்பட்டது. 1996 பெப்ரவரி 11ஆம் திகதி அயலூரான குமரபுரத்திற் குழந்தைகளும் பெண்களும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அதன் தொடர்பிற் குற்றஞ்சாட்டப்பட்ட படையினர் அறுவர் 2016இல் விடுதலை செய்யப்பட்டனர். 2006இல் மூண்ட போரினால் இடம்பெயர்ந்த சம்பூர்ப் பிரதேச மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை ஆகிய இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். அவர்தம் காணிகள் 2015ஆம், 2016ஆம் ஆண்டுகளிலேயே விடுவிக்கப்பட்டன. கொட்டிலிலே பிறந்து, தன் ஊரைக் கதையாக மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எல்லைப்புறக் கதை அந்நியமானதன்று. அக்கதையில் அவன் நிற்கும் இடமே வேறு.

கடலடி நிலமும் வெறுமையானதன்று என்பதற்குத் திருகோணமலையே சான்று. விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆதர் சி. கிளாக் 1956இல் இலங்கையிற் குடியேறினார். சுவாமி மலையடிவாரத்தில் நீரில் மூழ்கிய அவரும் அவர்தம் தோழர் மைக் வில்சனும், பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்து வீழ்த்திய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் அங்குக் கண்டனர். மனிதர் காலடி படாத கோள்களைப் பற்றி எழுதியவருக்கு, இக்கடற்கரை காட்டியது மனிதர் செதுக்கிய கற்களையே.

அண்ணாவியாரும் நடுவரும்

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு நமக்கு முற்றிலும் புதியதன்று. மட்டக்களப்பு, திருகோணமலைப் பிரதேசங்களிற் பயிலும் கூத்திலே அண்ணாவியார் வகிக்கும் இடம் இவ்விளையாட்டின் நடுவருக்கு நெருங்கியதாகும். ஊரார் கூடிக் கதையைத் தெரிவு செய்வர். சட்டங்கொடுத்தல் என்ற நிகழ்ச்சியில் ஒவ்வொருவருக்கும் உரிய பாத்திரம் வழங்கப்படும். பின்னர் மாதக்கணக்கிலே இரவுகளிற் பழக்கம் நடைபெறும். பகலில் ஏர்பிடித்த உழவன் இரவிலே கர்ணனாவான். வட்டக்களரியைச் சுற்றி ஊரே அமர, மத்தளத்தின் பின்னின்று அண்ணாவியார் முழுக் கதையையும் நடத்துவார்.

வேறுபாடுகளும் உள. கூத்தின் முடிவு ஏட்டில் எழுதப்பட்டது. கர்ணன் எவ்விரவிலும் தப்புவதில்லை. மேசை விளையாட்டில் முடிவு எவருக்கும் தெரியாது. கூத்திற்குச் சபையோர் உண்டு. இங்கு ஆடுவோரே சபையோர். கூத்திற் பாத்திரப் பங்கீட்டை ஊர்மதிப்பும் சாதிப் படிநிலையும் பாதித்தமையை ஆய்வாளர் சுட்டியுள்ளனர்; மேசையிலே கப்பற்றலைவன் வேடத்தை எவரும் ஏற்கலாம். எனினும், தலைவன் யார் என்பதை விட்டு, கப்பல் இறங்கும் கோளிலே ஏற்கெனவே வாழ்பவர் யார் என்று கேட்டால், படிநிலை புதிய வடிவிலே மீண்டும் தோன்றுவதைக் காணலாம். பெயரும் கடந்தகாலமும் ஆடுவோரின் பாத்திரங்களுக்கே உரியன. கோளின் குடிகள் பெரும்பாலும் பெயரற்ற கூட்டமாகவே நின்றுவிடுகின்றனர்.

மரபை மாற்றுதல் இயலாததன்று என்பதற்குப் பல்கலைக்கழக மரபே எடுத்துக்காட்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையிலே 'கர்ணன் போ'ரை மேடையேற்றியபோது, விடியவிடிய நடைபெற்ற கூத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கினார். அதனைத் தொடர்ந்த 'இராவணேசன்' இராமனுடைய வெற்றியைவிட இராவணனின் வீழ்ச்சியையே நடுவில் வைத்தது. பழங்கதை அதே கதைதான். அதனைப் பார்க்கும் இடமே மாறியது. அம்மாற்றத்தினால் பார்வையாளர் கண்டது வேறொரு நாடகம்.

முடிவுரை

விண்வெளி எல்லைப்புறத் தொடராட்டத்தைத் தமிழ் இளைஞர் ஆட முற்படின் அவர்முன் உள்ள பணியும் இத்தகையதே. விதிகளை மொழிபெயர்த்தல் எளிது. ஆட்டத்தின் முதல் இரவிலே நடுவர் விரிக்கும் நிலப்படமே கடினமானது. அதில் வெறுமையாக விடப்படும் இடம் யாருடைய வயல், அங்குப் பாயும் நீர் எக்குளத்தினது, முன்னைய போரில் அங்கிருந்து சென்றவர் எக்கொட்டிலிற் காத்திருக்கின்றனர் என்பனவற்றை அவர் முன்னரே எண்ணியிருத்தல் வேண்டும். ஆடுவோருள் ஒருவரேனும் வந்திறங்கும் கப்பலில் அன்றிக் கரையிலே நிற்கும் பாத்திரத்தை ஏற்பாராயின், நொக்சின் நூலில் இடம்பெறாத மூதூர் உழவனின் குரல் அம்மேசையிலே கேட்கும். பிரஷ்யப் படையதிகாரிகள் நடுவருக்கு விதித்த முதற்கடமை, ஒவ்வொரு தரப்பும் காணக்கூடியதை அத்தரப்புக்குக் காட்டுதலாகும். கொட்டியாரக் கரையின் வரலாற்றை அறிந்தவர் அக்கடமையை முழுமையாக நிறைவேற்றும் தகுதி உடையவராவர்.