பரியும் ஏலமும்: நெடுந்தீவுக் குதிரைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு மாநகரின் புறக்கோட்டை, தன் வரலாற்றைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது. கோட்டைக்குப் புறத்தே அமைந்த வணிகக் குடியிருப்பு என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் அதற்கு வழங்கிய பெயரும் ‘பேட்டை’ என்னும் நம் சொல்லின் திரிபேயாகும். அங்கு நாள்தோறும் ஒலிக்கும் வணிகச் சொற்களுள் ‘ஏலம்’ என்பது ஒன்று. இது தமிழுக்குப் போத்துக்கேயர் தந்த சொல். அதே பொருளிற் சிங்கள மக்கள் வழங்கும் ‘வெந்தேசி’ ஒல்லாந்தர் வழி வந்தது. ஆண்டவர் இருவரும் அகன்றபின்னும் அவர்தம் சந்தைச் சொற்கள் நம் நாவில் தங்கிவிட்டன. சொற்கள் மட்டுந்தானா தங்கின? யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, கடல் நடுவண் கிடக்கும் நெடுந்தீவில் அவர்கள் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்களும் தங்கின. அவற்றின் வரலாற்றைச் சுருங்க நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குதிரை தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் இயற்கையாக உரிய விலங்கன்று; கலமேறி வந்த விலங்கு. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழிக் குதிரைகள் வந்தமையைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மணிவாசகர் கதையை அறியாத தமிழர் இலர். நரி பரியான அத்திருவிளையாடலைப் பத்தியோடு போற்றும் நாம், அதன் பின்னணியில் நிற்கும் பொருளியல் உண்மையை எண்ணிப் பார்ப்பதில்லை. அரச கருவூலத்தின் பெரும்பொருள் குதிரைக்காகத் துறைமுகம் நோக்கிச் சென்ற காலமொன்று இருந்தது என்பதே அவ்வுண்மை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோவும், அங்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரைகள் இறக்குமதியானதையும், வளர்க்கும் முறை அறியாமையால் அவற்றுட் பல மடிந்ததையும் எழுதிச் சென்றார்.

ஈழத்தில் இதற்குரிய தலையாய சான்று நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டாகும். 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வருதல் வேண்டுமென்றும், அவர்கள் பாதுகாக்கப்படல் வேண்டுமென்றும் அது கூறுகின்றது. ஆனையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கு. மூன்று கூறு உடையவனுக்கு. ஏனைய வாணிகக் கலம் உடைந்தாற் பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் உரியன. குதிரை வணிகனுக்கு மட்டும் இச்சலுகை ஏன்? அவன் வராதொழிந்தாற் படை நில்லாது. மன்னன் ஈந்தது கருணையன்று, தேவையின் விலை.

ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. பிற்காலத்தில் இத்துறை வழியே ஆனைகள் வெளிநாடு சென்றன. போத்துக்கேயர் அதனை ‘ஆனைத்துறை’ என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். வன்னியிலும் தெற்கிலும் பிடிபட்ட ஆனைகள் ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணத்துக்கு நடத்திவரப்பட்டன. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி அங்கு நடத்திய ஆனை விற்பனைக்கு, இந்தியாவின் கீழைக்கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வணிகர் வந்தனர். ஆனையின் உயரம் அளந்து விலை கணிக்கப்பட்டது. கம்பனியின் ஏடுகள் அக்கணக்குகளைக் கருத்தோடு காத்துள்ளன.

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரான டெல்வ்ற் என்பதைச் சூட்டினர். அங்குக் குதிரைகளை முதலிற் கொணர்ந்தோர் போத்துக்கேயரென்பது பொதுவாகக் கூறப்படுவது; வளர்ப்பை விரிவாக்கியோர் ஒல்லாந்தர். இத்தீவைத் தெரிந்தமைக்குக் காரணம் வெளிப்படை. பரந்த புல்வெளி உண்டு. புலி, சிறுத்தை முதலிய கொடுவிலங்குகள் இல்லை. சூழ்ந்த கடலே வேலியாகின்றது. முருகைக்கல்லாலான குதிரைலாயத்தின் இடிபாடுகளும், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடும் இன்றும் அங்குக் காணத்தக்கன. 1795இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் வசமாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் படையதிகாரி இத்தீவின் பொறுப்பிலிருந்தார். எனினும் அந்நூற்றாண்டிலேயே அரசு குதிரை வளர்ப்பைக் கைவிட்டது. லாயம் பாழாயிற்று, குதிரைகள் காடுபட்டன.

இதே காலத்திற் கொழும்பிலே குதிரை வேறொரு பொருளைப் பெற்றது. 1832இற் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரைவண்டித் தபாற் சேவை தொடங்கிற்று. 1867இற் கண்டிக்குப் புகையிரதம் சென்றதும் அதன் தேவை அருகிற்று. 1893இற் கறுவாத்தோட்டத்திற் பந்தயத்திடல் எழுந்தது. பந்தயக் குதிரைகளோ கடல்கடந்து வந்தன. செல்வர்தம் பொழுதுபோக்கில் நெடுந்தீவின் சிறுகுதிரைக்கு இடமிருக்கவில்லை. 1956ஆம் ஆண்டுத் தடையுடன் கொழும்புப் பந்தயமும் நின்றது.

இவ்வரலாற்றில் ஒரு குறை நம்மை உறுத்துதல் வேண்டும். ஆனைக்கும் குதிரைக்கும் கணக்கு உண்டு. கம்பனியின் குதிரைகள் மேய்ந்த தரையில் ஆடும் மாடும் வளர்த்த குடியானவனின் சொல் எங்கே உண்டு? ஊழியமென்னும் கட்டாய வேலை நிலவிய காலத்தில், கொளுத்தும் வெயிலிற் கிணற்றுநீர் இறைத்து அக்குதிரைகளுக்கு ஊற்றிய கைகள் எவருடையவை? ஒரு சோடிக் கோழியைப் பனையோலைக் கடகத்தில் வைத்துச் சந்தைக்குக் கொண்டுபோன பெண்ணும், கோயிலுக்கு நேர்ந்த சேவலை ஏலத்தில் எடுத்த உழவனும் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் வீடுதோறும் உலைக்கு அரிசி தந்தது அச்சிறு வணிகமே. அரசின் விலங்குக்கு ஏடு. குடியின் விலங்குக்கு வெறும் நினைவு. ஏடுகளை மட்டும் நம்பி எழுதப்படும் வரலாறு ஆண்டவர்தம் கணக்குப் புத்தகமாகவே முடியும்.

இன்று நெடுந்தீவுக் குதிரைகளுக்கு உடையவர் எவருமிலர். 2015இல் அவற்றின் மேய்ச்சற் பகுதி உள்ளடங்கலாகத் தேசியப் பூங்காவொன்று அறிவிக்கப்பட்டது. எனினும் வறட்சிக் காலங்களிற் குட்டைகள் வற்ற, நீரின்றிக் குதிரைகள் மடிந்த செய்தியைப் பன்முறை படித்துள்ளோம். கலமுடைந்த குதிரைக்குக் கூட உரியவன் யார், பங்கு எவ்வளவு எனக் கல்லில் வெட்டிவைத்த கடற்பரப்பிலேதான், உயிரோடு நிற்கும் குதிரைக்குப் பொறுப்பேற்பார் இன்றி அவை தாகத்தால் விழுகின்றன. அவற்றுக்கு நீர்த்தொட்டி அமைத்தல் அரசின் கடன். தீவின் முதியோரிடம் எஞ்சியுள்ள நினைவுகளை அவர் வாழும்போதே கேட்டு எழுதிவைத்தல் நம் போன்ற மாணவர் கடன். தீவகத்தார் பலர் வணிகத்தின் பொருட்டுக் குடியேறிய புறக்கோட்டையிலிருந்தே அப்பணியைத் தொடங்கலாம்.