பனியைப் பற்றிய பற்கள்

பெரணமல்லூர்ப் பக்கத்துப் பட்டுத்தறியில் படமரத்தின் பற்சக்கரம் ஒரு பல் நழுவினால் பாவு தளரும், நெய்வு கெடும். பனியையே பார்த்திராத நமக்கு, பனிவண்டியின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இந்த ஒரு பல் போதும்.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில், வால்கூர் என்ற சிற்றூரில் வாகனப் பட்டறை வைத்திருந்தவர் ஜோசப்-அர்மான் பம்பார்டியே. பதின்வயதிலேயே பனிவண்டி செய்ய முயன்றவர். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்றுறை அழற்சியால் இறந்தான். சாலைகளைப் பனி மூடியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை.

சக்கரம் பனியில் புதையும். சுழல்பட்டையோ பாரத்தைப் பரப்பி மிதக்கும். ஆனால் பட்டையை இழுக்கும் பற்களில் பனி இறுகினால் பிடிப்பு போய்விடும். பம்பார்டியே பற்சக்கரத்திற்கு ரப்பர் உறை இட்டார். 1937இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமரும் அவரது வண்டிகளில் மருத்துவர்கள் நோயாளிகளின் வீடு தேடிச் சென்றார்கள். 1959இல் வந்த ஸ்கீ-டூ விளையாட்டுக்கும் பயன்பட்டது. அதன் பிறப்பில் விளையாட்டு ஏதும் இல்லை.