ஸ்ட்ராட்போர்டு: ஓர் இடைக்காலச் சந்தை நகரின் தோற்றமும் வளர்ச்சியும்

ஸ்ட்ராட்போர்டு-அபான்-ஏவன் இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வாரிக்சயரில், ஏவன் ஆற்றங்கரையில் அமைந்துள்ள நகரம். நாடக ஆசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியர் 1564இல் பிறந்த ஊர் என்பதால் உலகெங்கும் அறியப்படுகிறது. ஆனால் ஷேக்ஸ்பியர் பிறந்தபோதே இந்நகருக்கு 368 வயது ஆகியிருந்தது. ஒரு நிலவுடைமையாளர் வருவாய்க்காகத் திட்டமிட்டு உருவாக்கிய சந்தை, தன்னைத் தானே ஆளும் நகரமாக மாறிய வரலாற்றை இதில் தெளிவாகக் காணலாம்.

பெயர்க் காரணம்

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராட்' என்பது ரோமானியர் அமைத்த சாலையையும், 'போர்டு' என்பது ஆற்றை நடந்து கடக்கும் ஆழமில்லாத துறையையும் குறிக்கும். ரோமானியச் சாலை ஆற்றைக் கடந்த இடமே ஸ்ட்ராட்போர்டு. 'ஏவன்' என்பது ஆங்கிலேயருக்கு முன் அங்கு வாழ்ந்த பிரித்தானியரின் மொழியில் 'ஆறு' என்றே பொருள்படும். எனவே ஊரின் பெயரிலேயே சாலை, துறை, ஆறு ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன.

நகரத்துக்கு முன் இருந்த கிராமம்

ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் இங்கு ஒரு துறவியர் மடம் இருந்தது. பின்னர் இப்பகுதி வூஸ்டர் ஆயர்களின் பண்ணை நிலமாயிற்று. முதலாம் வில்லியம் மன்னர் 1086இல் எடுக்கச் செய்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் இங்கு ஒரு குருவும், 21 கட்டுக்குடியானவர்களும், 7 சிறுகுடிசையினரும் பதிவாகியுள்ளனர். குடும்பத் தலைவர்களை மட்டுமே குறிக்கும் கணக்கு இது. ஓர் ஆலையும் இருந்தது. சந்தையைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை.

கட்டுக்குடியானவர் என்பவர் தமக்கு விடப்பட்ட நிலத்துக்கு ஈடாக ஆண்டையின் நிலத்தில் ஊதியமின்றி உழைக்க வேண்டியவர். ஆண்டையின் அனுமதியின்றி ஊரை விட்டுச் செல்லவும் இயலாது. இந்த நிலையை மனத்தில் கொண்டால்தான் அடுத்து நிகழ்ந்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

1196ஆம் ஆண்டின் திட்டம்

1196இல் வூஸ்டர் ஆயர் ஜான் டி குட்டான்ஸ், வாரந்தோறும் வியாழக்கிழமை சந்தை நடத்தும் உரிமையை முதலாம் ரிச்சர்டு மன்னரிடமிருந்து பெற்றார். சந்தை கூட்டுவது அரசரின் பட்டயத்தால் கிடைக்கும் உரிமை. சுங்கமும் கடை வாடகையும் அந்த உரிமையைப் பெற்ற ஆண்டைக்குச் சேரும்.

ஆயர் சந்தையோடு நிற்கவில்லை. பழைய கிராமத்துக்கும் தேவாலயத்துக்கும் வடக்கே, வெற்று வயல்வெளியில், ஒன்றையொன்று வெட்டும் நேர்த்தெருக்களை அமைத்து, மனைகளை அளந்து பிரித்தார். ஒவ்வொரு மனைக்கும் அகலம் 3½ பெர்ச், நீளம் 12 பெர்ச். ஒரு பெர்ச் 16½ அடி என்பதால், மனையின் அளவு ஏறத்தாழ 58 அடிக்கு 198 அடி ஆகிறது. நமக்குப் பழக்கமான கணக்கில் சுமார் 26 சென்ட். ஆண்டு வாடகை ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி.

இத்தகைய மனையை 'நகர்மனை' எனலாம். இதைப் பெற்றவர் வாடகைப் பணம் செலுத்தினால் போதும். ஆண்டையின் வயலில் உழைக்க வேண்டியதில்லை. மனையை விற்கலாம், பிரிக்கலாம், உயில் எழுதி வைக்கலாம். ஒரு கட்டுக்குடியானவரின் மகனுக்கு இது புது வாழ்வு.

ஆயர் ஜான் இரண்டே ஆண்டுகளில், 1198இல், இறந்தார். ஆனால் அவர் வகுத்த தெருக்கள் நிலைத்தன. பழைய மனைகளின் பாதி அல்லது மூன்றில் ஒரு பங்கு அகலம் கொண்ட கட்டட முகப்புகளை நகரின் நடுவே இன்றும் காணலாம்.

ஏன் அந்த இடம்?

ஸ்ட்ராட்போர்டுக்கு வடக்கே இருந்தது ஆர்டன். அது காடும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த பகுதி. மரமும் கால்நடையும் அங்கிருந்து வந்தன. ஆற்றுக்குத் தெற்கே இருந்தது பெல்டன். அது கோதுமையும் பார்லியும் விளையும் திறந்த வயல்வெளி. ஒரு பகுதியில் மிகுந்தது மறு பகுதிக்குத் தேவைப்பட்டது. இரண்டும் சந்திக்கும் ஆற்றுத் துறையில் சந்தை அமைந்தது.

தெருப் பெயர்கள் இதற்குச் சான்று. வுட் ஸ்ட்ரீட் மரத் தெரு. ஷீப் ஸ்ட்ரீட் ஆட்டுத் தெரு. ராதர் ஸ்ட்ரீட்டில் உள்ள 'ராதர்' என்பது கொம்புள்ள மாடுகளைக் குறிக்கும் பழஞ்சொல்.

சந்தைகளுக்கு இடையே இருக்க வேண்டிய தொலைவையும் அக்காலச் சட்ட அறிஞர்கள் வரையறுத்தனர். பிராக்டனின் பெயரால் வழங்கும் 13ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல், ஒருவர் ஒரு நாளில் நடக்கும் தொலைவை 20 மைல் எனக் கொள்கிறது. நாளின் ஒரு பங்கு சந்தைக்குச் செல்ல, ஒரு பங்கு வாங்கி விற்க, ஒரு பங்கு வீடு திரும்ப. ஆகவே ஒரு சந்தைக்கு 6⅔ மைலுக்குள் மற்றொரு சந்தை வந்தால் அது முன்னதற்குக் கேடு எனக் கருதப்பட்டது.

யார் வந்து குடியேறினர்?

1251-52இல் ஆயரின் அதிகாரிகள் எடுத்த கணக்கில் சுமார் 240 நகர்மனைகள் காணப்படுகின்றன. மனைக்கு ஒரு ஷில்லிங் வீதம் இது ஆண்டுக்கு 12 பவுண்டு. கடைகள், தட்டிகள், அடுப்புகள், சாயக் கொப்பரைகள் ஆகியவற்றின் வருவாய் தனி. ஏறக்குறைய 55 ஆண்டுகளில் வயல்வெளி நகரமாகிவிட்டது.

அக்காலத்தில் குடும்பப் பெயர்கள் இன்னும் நிலைபெறவில்லை. ஒருவரை அவர் வந்த ஊராலோ செய்யும் தொழிலாலோ அழைத்தனர். எனவே பெயர்ப் பட்டியலே குடியேற்றத்தின் வரலாறாகிறது. பொருளியல் வரலாற்றறிஞர் எலினோரா கேரஸ்-வில்சன் இப்பட்டியலை ஆராய்ந்து, குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் 16 மைல் தொலைவுக்குள் இருந்த கிராமங்களிலிருந்து வந்தவர்கள் எனக் காட்டினார். சந்தைக்கு வந்துபோன வட்டாரமும் ஏறக்குறைய இதுவே. தோல் பதனிடுவோர், நெசவாளர், சாயமிடுவோர், கொல்லர், தச்சர், ரொட்டி சுடுவோர் எனப் பல தொழிலினர் அதில் உள்ளனர்.

காலப்போக்கில் தற்காலிகத் தட்டிகள் நிலையான கடைகளாயின. அகன்ற பிரிட்ஜ் ஸ்ட்ரீட்டின் நடுவே ஒரு கட்டட வரிசையே எழுந்தது. 'நடு வரிசை' எனப்பட்ட அது 19ஆம் நூற்றாண்டில்தான் அகற்றப்பட்டது.

திருச்சிலுவைச் சங்கம்

நகர மக்களுக்கு மனை உரிமை இருந்ததே தவிர ஆட்சி உரிமை இல்லை. நகர நீதிமன்றம் ஆயரின் பெயரால் நடந்தது. பங்குத் தேவாலயமும் நகர எல்லைக்கு வெளியே, பழைய கிராமத்தில் இருந்தது. இந்தக் குறையை நிரப்பியது திருச்சிலுவைச் சங்கம்.

1269இல் ஆயர் காட்பிரே கிபர்டு இச்சங்கத்துக்கு ஒரு காப்பகமும் சிற்றாலயமும் கட்ட அனுமதி அளித்தார். ஆண், பெண் இருபாலரும் உறுப்பினராயினர். இறந்தவர்களின் ஆன்மாவுக்காகவும் உறவினர்கள் கட்டணம் செலுத்திச் சேர்ந்தனர். வீடுகளும் நிலங்களும் நன்கொடையாகக் குவிந்தன. அந்த வருவாயில் சங்கம் குருமார்களுக்கு ஊதியம் தந்தது; ஏழை முதியோரைப் பேணியது; 15ஆம் நூற்றாண்டில் சங்க மண்டபமும் பள்ளிக் கட்டடமும் எழுப்பியது. நகரின் முக்கியஸ்தர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கப் பழகியது இங்கேதான்.

ஆற்றுப் பாலமும் நகரின் உயிர்நாடி. பழைய மரப்பாலம் குறுகலானது. வெள்ள காலத்தில் ஏழைகள் ஊருக்கு வரவே அஞ்சினர் என்று 1540 வாக்கில் இங்கு வந்த ஜான் லேலண்ட் எழுதுகிறார். இவ்வட்டாரத்தில் பிறந்து லண்டனில் துணி வணிகம் செய்து, 1491இல் அந்நகரின் மேயரான ஹியூ கிளாப்டன், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் 14 வளைவுகள் கொண்ட கற்பாலத்தைக் கட்டித் தந்தார். அதில் இன்றும் வாகனங்கள் செல்கின்றன.

1553: தன்னாட்சி

1547இல் ஆறாம் எட்வர்டின் அரசு இத்தகைய சமயச் சங்கங்களைக் கலைத்து, சொத்துகளை எடுத்துக்கொண்டது. 1549இல் ஆயரின் உரிமையும் ஜான் டட்லியிடம் சென்றது. பள்ளி, முதியோர் இல்லம், பாலம் அனைத்தையும் தாங்கியிருந்த அமைப்பே இல்லாமற் போன நெருக்கடி அது.

நகர மக்கள் அரசரிடம் முறையிட்டனர். 1553 ஜூன் 28 அன்று, மன்னர் இறப்பதற்கு எட்டே நாட்களுக்கு முன், நகராட்சிப் பட்டயம் கிடைத்தது. ஒரு பெய்லிப், 14 மூத்த உறுப்பினர், 14 முதன்மைக் குடிமக்கள் கொண்ட மன்றம் அமைந்தது. சங்கச் சொத்துகளில் பெரும்பகுதி அதனிடம் திரும்பியது. பள்ளியாசிரியருக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு ஊதியம் தருவதும், முதியோரைப் பேணுவதும் மன்றத்தின் கடமைகளாயின. சங்க மண்டபமே மன்றக் கூடமாயிற்று.

தழைத்ததும் தேய்ந்ததும்

13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான சந்தைப் பட்டயங்கள் வழங்கப்பட்டன. எல்லாம் நகரங்களாகவில்லை. வைட் தீவில் 1256இல் வின்செஸ்டர் ஆயர் பொறுப்பில் இருந்தவர் நிறுவிய நியூடவுன், இன்று சில வீடுகளே உள்ள சிற்றூர். அங்கும் பட்டயம் இருந்தது. அளந்த தெருக்களும் இருந்தன. ஸ்ட்ராட்போர்டுக்கோ இரு வேறு விளைநிலப் பகுதிகளின் நடுவே அமைந்த இடமும், கிராமத்தவரை ஈர்த்த உரிமையும், நகரத்தார் தாமே கட்டிக் காத்த பொது நிறுவனங்களும் ஒருசேர வாய்த்தன.

நான்கு மைல் தொலைவிலுள்ள ஸ்னிட்டர்பீல்டு கிராமத்துக் குத்தகை விவசாயியின் மகன் ஜான் ஷேக்ஸ்பியர், முதல் குடியேறிகள் வந்த அதே வழியில் நகருக்கு வந்து கையுறைத் தொழில் செய்தார். 1552இல் ஹென்லி தெருவில் குப்பை குவித்ததற்காக அபராதம் கட்டினார். 1568இல் அவரே நகரின் பெய்லிப் ஆனார். அவருடைய மகன் படித்ததாகக் கருதப்படும் பள்ளி, சங்கம் தொடங்கி மன்றம் காப்பாற்றிய அந்தப் பள்ளியே.